தீயில் சுடாத கால் பாயில் எரிகிறது: மொரிசியஸ் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெரியோர்களுக்கு வணக்கம்.

நான் ரோஸ் ஹில்லில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 33 ஆண்டுகள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இன்று கோயில் நிர்வாகத்தில் இருக்கும் உங்களில் ஒருசிலருக்கு 'அ'னா சுழித்துக் காட்டியதுகூட நானாக இருக்கலாம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், உணர்ச்சி செத்தும் எரிகிற கால்களைப் பற்றி. முதலில் கோபமாகத்தான் எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

கடந்த தீமிதிக்கு என் தங்கை மகன், 17 வயது, பூக்குழி இறங்குவதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்ட வந்தான். நான் வேண்டாம் என்றேன். குழுவில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், இவன் தாத்தா காலையே தீ தொட்டதில்லை. பேரன் காலையா தொடப்போகிறது?" சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நம்பிக்கை இல்லாதவர்கள் இடையில் புகுந்து பேசக் கூடாது என்று பின்னாலிருந்து ஒரு குரல். பையன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. பெரியம்மா மானத்தை வாங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பான்.

எந்தக் கோயில் என்று எழுதப் போவதில்லை. கேட்டும் வராதீர்கள். இந்தத் தீவில் எந்தக் கோயிலில் நின்றிருந்தாலும் எனக்கு அதே பதில்தான் கிடைத்திருக்கும். அதனால்தான் இந்த மடல் எல்லாருக்கும்.

அந்தப் பெரியவர் சொன்னது பொய்யில்லை. தீ சுட்டது என்று என் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. 11 ஆண்டுகள் இறங்கினார். மற்றவர்கள் விறுவிறுவென்று கடக்கும் குழியை அவர் நிதானமாகக் கடப்பார். பால்குழியில் கால் வைத்துத் திரும்பும்போது முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. வயதில் மூத்தவர்கள்கூட அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அம்மன் அருள் என்றார்கள். அருள் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் காலோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள்.

அப்பா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. பிள்ளைகள் மறைவில் 'கொக்குக்கால்' என்பார்கள். பாதம் வில்லாக வளைந்திருக்கும். விரல்கள் நகம் தரையில் ஊன்றுகிற மாதிரி மடங்கியிருக்கும். முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போட்டு நடப்பார். இருட்டில் அந்தத் 'தொப், தொப்' கேட்டால் அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். சில நாள் ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் குனிந்து பார்ப்பார். பார்த்தால்தான் அவருக்கே தெரியும். நானும் தங்கையும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவர் வந்த வழியே தேடிப் போவோம். அது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

அப்படி உணர்ச்சி செத்த கால், ராத்திரி பத்து மணிக்கு மேல் எரியத் தொடங்கும். 'மோ லிப்யே பே ப்ரிலே' (என் கால் எரிகிறது) என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் முனகுவார். நன்றாகத் தமிழ் பேசுகிற மனிதர். வலி வந்தால் மட்டும் தமிழ் வராது. போர்வையின் ஓரம் பட்டால் துள்ளுவார். அம்மா ஒரு பிரம்புக்கூடையைக் கவிழ்த்து, கால் அதற்குள் இருக்கும்படி வைத்து, கூடையின்மேல் போர்வையைப் போர்த்துவாள். அதற்கும் அடங்காவிட்டால் சிமெண்டுத் தரையில் படுத்து உள்ளங்காலைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வார். சுவரில் இரண்டு பாத அடையாளம் எண்ணெய்ப் பிசுக்காகப் பல வருஷம் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தாலும் மாசிக்குள் திரும்ப வந்துவிடும்.

1979இல் தீமிதி முடிந்த மறுநாள் காலையில் அம்மா விரிப்பை உதறினாள். ரத்தக்கறை. அப்பாவின் காலைப் பிரித்துப் பார்த்தால், மடங்கிய இரண்டு விரல்களுக்கு நடுவில் கங்குத்துண்டு ஒன்று சிக்கி, சதை வெந்திருந்தது. இரவெல்லாம் அப்படியே தூங்கியிருக்கிறார். வேடிக்கையைப் பாருங்கள்: வழக்கமான எரிச்சல்தான் என்று நினைத்தாராம். உண்மையிலேயே வெந்த இடமும், ஒன்றுமே ஆகாமல் எரிகிற இடமும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. அந்தப் புண் ஆறவேயில்லை. கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். வெளியே சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால் அம்மனுக்குக் களங்கம் என்று நினைத்தார். 1994இல் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தச் சத்தியத்தை இன்று உங்கள் முன்னால் மீறுகிறேன். பேரனுக்குப் பத்து விரலும் வேண்டும்.

அந்தக் கால் எனக்கும் வந்தது. தங்கைக்கும் வந்தது. இப்போது அவள் மகனுக்கு.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்கு 2007இல்தான் தெரிந்தது. நரம்பு மருத்துவர் கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார். கை நரம்பில் நொடிக்கு 50 மீட்டராவது ஓட வேண்டிய செய்தி எனக்கு 21 மீட்டரில் ஊர்ந்தது. 38க்குக் கீழே போனால் நரம்பின் மேலுறை கெட்ட வகை என்று பிரிப்பார்களாம். சார்கோ-மரீ-டூத் நோய் என்று எழுதிக் கொடுத்தார். 1886இல் பாரிசில் சார்கோவும் மரீயும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் தனித்தனியாக விவரித்ததால் மூன்று பெயர். 'டூத்' என்றதும் பல் நோயா என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

பரம்பரையாக வரும் நரம்பு நோய்களில் இதுதான் அதிகம். இதிலேயே பல வகை. நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதாவது ஒன்று பிசகினால் வரலாம். எங்கள் குடும்பத்தில் இருப்பது எல்லாவற்றிலும் பரவலான வகை. 17ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 என்றொரு மரபணு இருக்கிறது. எல்லாருக்கும் அது இரண்டு படி, எங்களுக்கு மூன்று. இதை 1991இல் கண்டுபிடித்தார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையாதான். ஆண் பெண் பேதம் கிடையாது. முன்வினை, செய்வினை, நாக தோஷம் எதற்கும் இதில் இடமில்லை. பெண் பார்க்க வருகிற இடத்தில் இதை மறைத்துவிட்டுப் பிறகு குடும்பங்கள் படுகிற பாடு தனிக் கதை; அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சுமார் 2,500 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கை நம் பன்னிரண்டரை லட்சம் பேருக்குப் போட்டால் 500 பேர் வருகிறது. ஆசிரியைப் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஐந்நூறில் நான் சந்தித்தது எங்கள் குடும்பத்தைத் தவிர நான்கே நான்கு பேரை. மற்றவர்கள் எங்கே? பெரும்பாலானவர்கள் சர்க்கரை நோய்ப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்தக் கரும்புத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அதனால் கால் மரத்தால் சர்க்கரை, கால் எரிந்தால் சர்க்கரை, காலில் புண் வந்தால் கேட்கவே வேண்டாம். என் ரத்தத்தை எத்தனை முறை எடுத்தார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் சர்க்கரை இல்லை என்று வரும். ஒவ்வொரு முறையும் இனிப்பைக் குறையுங்கள் என்பார்கள். சின்ன வயதிலிருந்தே வளைந்த பாதமும் மெலிந்த கெண்டைக்காலும் இருந்தால், அப்பாவுக்கும் அதே கால் இருந்தால், அது சர்க்கரையால் வந்திருக்காது என்று யோசிக்க ஒரு கேள்வி போதும். 'வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?' அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்க எனக்கு 44 வயது ஆக வேண்டியிருந்தது.

பெயர் கிடைத்த பிறகாவது வலியை நம்பினார்களா? அதுவும் இல்லை. 'இந்த நோயில் கால் மரக்கும், பலம் குறையும், வலிக்காது' என்று ஒரு மருத்துவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். பழைய பாடநூல்களில் அப்படித்தான் எழுதியிருந்தது போலும். 1998இலேயே அமெரிக்காவில் இந்த நோயுள்ள சில நூறு பேரிடம் கேட்டு, அவர்களில் பெரும்பாலோருக்கு வலி இருப்பதாகக் கட்டுரை வெளியாகிவிட்டது. எல்லா வலியும் நரம்பு வலி என்று நான் சொல்லவில்லை. கோணல் பாதத்தால் வரும் மூட்டுவலி, இடுப்புவலி, இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிப்பது எல்லாம் எங்களுக்கு உண்டு. அதற்கு ஏற்ற செருப்பும் உடற்பயிற்சியும் உதவும். ஆனால் நான் சொல்வது வேறு வலி. காயமில்லை, வீக்கமில்லை, சிவப்பில்லை, கால் எரிகிறது.

மரத்த கால் எப்படி எரியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மின்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் விளக்கு அணையும். உறை பிய்ந்தால் பொறி பறக்கும். ஒரே வீட்டில் ஒரு அறை இருட்டாகவும் அடுத்த அறையில் பொறி பறந்துகொண்டும் இருக்கலாம் இல்லையா? கெட்டுப்போன நரம்பு, வெளியே எதுவும் நடக்காதபோதும் தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். மூளைக்கு வந்து சேர்வது 'நெருப்பு' என்ற செய்தி. நெருப்பு உண்மையிலேயே பட்டால் அந்தச் செய்தி மட்டும் வந்து சேராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும். நான் சொன்ன அந்த மின்சாரச் சோதனை பெரிய நரம்பிழைகளை மட்டும்தான் அளக்கும். சூட்டையும் வலியையும் கொண்டுபோகிற மிக மெல்லிய இழைகளில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். அந்தக் கருவிக்கு அவை தெரியவே தெரியாது. மெல்லிய இழைகள் மட்டும் கெட்டவர்களுக்குச் சோதனை முடிவு 'நார்மல்' என்றே வரும். கையில் நார்மல் ரிப்போர்ட்டும் காலில் நெருப்புமாக வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து, 'வேலைக்குப் போகச் சோம்பல்' என்று பேசாதீர்கள். ஃபாப்ரி நோய் என்று ஒன்று உண்டு. அதுவும் பரம்பரைதான். அது உள்ள பையன்களுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே வெயிலிலும் காய்ச்சலிலும் கை கால் எரியும். விளையாட்டு நேரத்தில் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான் ஒரு மாணவன். நானே அவனைத் திட்டி வெளியே அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது அவன் முகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஏன் இதையெல்லாம் தமிழில் எழுதுகிறாள், மருத்துவர்கள் படிக்கவா போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் நாம் கிரியோலில் பேசுகிறோம். 'லிப்யே ஃபெர்மால்', கால் வலிக்கிறது. அவ்வளவுதான். மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதிக்கொள்கிறார். ஆனால் என் பாட்டி வலியை ஒரு சொல்லில் சொன்னதே இல்லை. காந்தல் என்பாள், எரிச்சல் என்பாள், இரண்டும் ஒன்றில்லை. மிளகாய் அரைத்த கை காந்தும், கங்கு பட்ட கை எரியும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், நமைச்சல், மதமதப்பு, சுண்டி இழுப்பு, சுருக்கென்று ஒன்று. நம் தாய்மொழியில் இத்தனை சொற்கள் சும்மா கிடக்கின்றன.

பிரான்சில் 2005இல் ஒரு கேள்விப்பட்டியல் தயாரித்தார்கள். டிஎன்4 என்று பெயர். ஒரு வலி நரம்பு வலியா என்று கண்டறிய, ஏழு கேள்வி நோயாளியிடம் கேட்பது, மூன்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பது. பத்தில் நான்கு 'ஆமாம்' வந்தால் நரம்பு வலியாக இருக்கலாம் என்று கொள்வார்கள். அந்த ஏழையும் நான் என் பாட்டியின் தமிழில் வைத்துப் பார்த்தேன். எரிகிறதா? ஐஸ் வைத்த மாதிரி குளிர்ந்து வலிக்கிறதா? மின்சாரம் அடித்தாற்போல் சுருக்கென்கிறதா? எறும்பு ஊர்கிறதா? ஊசி ஊசியாகக் குத்துகிறதா? மதமதவென்று இருக்கிறதா? நமைச்சல் எடுக்கிறதா? பாட்டியிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பாள். (அவளுக்கு இந்த நோய் இல்லை, வெறும் வாதம்தான், ஆனாலும் சொல்லியிருப்பாள்.) மருத்துவர் தொடுகிற மூன்றில் ஒன்று, மென்மையாக வருடினால் வலிக்கிறதா என்பது. அப்பாவின் பிரம்புக்கூடை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் மருத்துவர் இல்லை. அப்பா தின்ற பனடால் (பாராசிட்டமால்) மாத்திரைகளை அடுக்கினால் ஒரு சுவர் எழுப்பலாம். அந்த மாதிரி மாத்திரைகள் நரம்பு எரிச்சலுக்கு அநேகமாகக் கேட்காது. இதற்குக் கொடுப்பது வேறு ரக மருந்துகள்: அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரெகாபலின், டுலாக்செடின். முதலில் சொன்னது மிகப் பழைய, மலிவான மருந்து. மனச்சோர்வுக்காக வந்தது. சின்ன அளவில் இரவில் எடுத்தால் எரிச்சல் அடங்குகிறவர்கள் உண்டு. எனக்குப் பாதி அடங்கியது. வாய் மட்டும் காலையில் பஞ்சாக உலர்ந்திருக்கும். பெட்டியில் மனச்சோர்வு என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பைத்தியத்துக்கு மாத்திரை தின்கிறாள் என்று பேசினார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். இவை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் அமிட்ரிப்டிலினைத் தாங்களாகத் தொடவே கூடாது. நரம்புக்கு நல்லது என்று பி6 வைட்டமினை அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு அதுவே நரம்பைக் கெடுக்கும். எங்கள் நோய் உள்ள குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்தால், வின்கிரிஸ்டின் என்ற மருந்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் இந்த நோயைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வகைக்காரர்களை அது படுக்கையில் தள்ளிவிடும். மரத்த காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். இன்றைக்கு நோயை வேரோடு எடுக்கும் மருந்து எங்களுக்கு இல்லை.

சரி, தீமிதிக்கு வருகிறேன்.

வடக்குப் பாகிஸ்தானில் ஒரு பையன் இருந்தான். தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணலில் நடப்பான், வலிக்காது. ஆராய்ச்சியாளர்கள் அவனைத் தேடிப் போய்ப் பார்ப்பதற்குள், தன் பதினான்காவது பிறந்த நாளன்று, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனைப் போலவே வலி தெரியாதவர்கள் இருந்த குடும்பங்களைச் சோதித்ததில் எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு வேலை செய்யாமல் இருந்தது தெரிந்தது, 2006இல் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2004இல், சீனாவில் வேறு சிலரிடம் அதே மரபணுவில் வேறு விதமான பிசகைக் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் சூடு பட்டாலே பாதம் சிவந்து தீயாக எரியும். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே மரபணு. ஒரு பக்கம் சாய்ந்தால் தணல் சுடாது, மறுபக்கம் சாய்ந்தால் தரையே தணல். எங்கள் நோய் அது இல்லை. ஆனால் அந்தப் பையனைப் பற்றிப் படித்த அன்று இரவு, காலில் விழுந்து கும்பிட்ட கூட்டத்தின் நடுவில் நின்ற அப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது. அந்தப் பையனுக்கும் கைதட்டியிருப்பார்கள்.

உணர்ச்சியுள்ள கால் தணலில் பட்டதும் தானாக எழும்பும். கரி சூட்டை மெல்லத்தான் கடத்தும் என்பதால், அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் பெரும்பாலும் புண்ணாகாது. பக்தி மனதில், எச்சரிக்கை காலில் என்று இரண்டும் சேர்ந்துதான் மனிதர் அக்கரை சேர்கிறார். எங்கள் காலில் அந்த எச்சரிக்கை இல்லை. முன்பாதத்தைத் தூக்கும் தசையும் இல்லை. அப்பா நிதானமாக நடந்தார் என்று சொன்னேனே, அவரால் வேகமாக நடக்க முடியாது, ஐயா. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

அதற்காகத் தீமிதியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. காப்புக் கட்டுமுன் உங்கள் தொண்டர் ஒருவர் ஐந்து நிமிஷம் செலவழிக்கட்டும். வேண்டிக்கொண்டவரை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் மெதுவாக, ஒன்றிரண்டு நொடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு தொடுதல் தெரியவில்லை என்றால் அவர் கால்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் 2011இல் சர்க்கரைக்காரர்களுக்காகச் சொன்ன சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், நம் தீவுக்கு எப்படியும் வேண்டியதுதான். அப்புறம் எழுந்து குதிகாலால் நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தடுமாறுகிறவரைக் குழிக்குள் அனுப்பாதீர்கள். ராத்திரியில் கால் எரியுமா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படியா என்று கேட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் முன்னால் கேட்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தைப்பூசக் காவடிக்கும் இதையே கேட்கிறேன். சனவரி, பிப்ரவரி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிறோம். ஆணிச்செருப்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எரிகிற காலுக்கு அந்தச் சாலை நரகம். மரத்த காலுக்கு அது இன்னும் ஆபத்து, கொப்புளம் வந்ததே தெரியாது. துணிக் காலணியோ கெட்டியான காலுறையோ போட்டுக்கொண்டு பால்குடம் எடுக்க இப்படிப்பட்டவர்களுக்கு அனுமதி உண்டு என்று குருக்கள் வாயால் ஒருமுறை சொல்லவையுங்கள். தோல் இல்லாத துணிக் காலணி கடையில் கிடைக்கிறது. கோயிலுக்கென்றே புதிதாக ஒரு சோடி வைத்துக்கொள்வார்கள். நடக்கவே முடியாதவரின் வேண்டுதலை அண்ணனோ தம்பியோ எடுத்து நடந்தால் முருகன் ஏற்றுக்கொள்வான் என்பதும் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். நான் சொன்னால் 'டீச்சர் படித்த திமிர்' ஆகிவிடுகிறது. கடந்த பூசத்தன்று துணிக் காலணியோடு வாசலில் நின்ற என்னை இரண்டு முறை கழற்றச் சொன்னார்கள். ஏழு கறிச் சாப்பாட்டை யாரோ ஒரு புண்ணியவதி இலையோடு வெளியே கொண்டுவந்து கொடுத்தாள்.

1998இல் நம் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது என்ன நடந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். தமிழர்கள் எழுந்து நின்றார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்போது எனக்கு 35 வயது. வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்த நோட்டைக் காட்டிப் பேசினேன். தமிழில் தாள் என்றால் நோட்டு மட்டும் இல்லை, பாதமும்தான். இதைச் சிலேடைக்காகச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் சிலேடைக்காகவும்தான். வாத்தியார் பழக்கம் விடாது.

தங்கை மகன் இப்போது என்னோடு பேசுகிறான். போன மாதம் அவனையும் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ராத்திரியில் கால் எரிவதை இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். மின்விசிறியைக் கால்பக்கம் திருப்பி வைத்துப் படுப்பானாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "தாத்தா சொன்னாரா?" என்றான்.

வருகிற தைப்பூசத்துக்கு அவன் பால்குடம் எடுக்க ஆசைப்படுகிறான், துணிக் காலணியோடு. விடுவீர்களா, மாட்டீர்களா என்று பூசத்துக்கு முன்னால் தெரிய வேண்டும். விரதம் தொடங்குமுன் அவனுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் குழு கூடும்போது என்னையும் கூப்பிட்டால் வந்து அந்தத் தொடுசோதனையைச் செய்து காட்டுகிறேன். கூட்டத்தை மாடியில் வைக்காதீர்கள், எனக்குப் படி ஏற முடியாது. ஒரு நாற்காலி போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை
ரோஸ் ஹில்